அந்தச் சிரிப்புக்குப் பிறகு

ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டத்தில் நடந்தது இங்குள்ள பெரும்பாலோருக்குத் தெரியும். வந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள்; வராதவர்களுக்கு அன்றிரவே காணொளி வந்து சேர்ந்திருக்கும். ஆகவே முழுவதையும் மறுபடி விவரிக்கப் போவதில்லை. டாம் ரிப்ளி என்னும் ஏமாற்றுக்காரனை வைத்து அமெரிக்க எழுத்தாளர் பாட்ரீசியா ஹைஸ்மித் எழுதிய முதல் நாவலான 'தி டேலண்டட் மிஸ்டர் ரிப்ளி'யைப் பற்றி நான் நாற்பது நிமிடம் பேசி முடித்ததும், நான் பெரிதும் மதிக்கும் மூத்த வாசகர் ஒருவர் எழுந்து, "வயிற்றெரிச்சல் பிடித்தவர்களுக்குத்தான் வயிற்றெரிச்சல் கதை பிடிக்கும்" என்று சொன்னார். அரங்கம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் சொன்னதைவிட, நானும் சிரித்ததுதான் இன்னும் ஆறவில்லை.

இத்தகைய நாவல்கள் பொறாமையைப் புகழவில்லை. பொறாமைப்படுகிறவனை வெளியே நிறுத்தி நமக்குக் காட்டாமல், நம்மை அவனுக்குள்ளே கொண்டு போய் உட்கார வைக்கின்றன. அன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அவற்றின் ஈர்ப்பும் இதுதான். கொலைக்காக யாரும் அவற்றைத் திரும்பத் திரும்பப் படிப்பதில்லை.

1955-இல் வெளியான அந்த நாவலின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். நியூயார்க்கில் டாம் ரிப்ளி செய்துகொண்டிருக்கும் மோசடி என்ன? வருமான வரி குறைவாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று முன்பின் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்களைக் காசோலை அனுப்ப வைக்கிறான். அந்தக் காசோலைகளை அவனால் பணமாக்கவே முடியாது. ஒரு காசு வராத ஏமாற்று வேலை அது. அவனுக்கு வேண்டியது பணம் மட்டுமல்ல, இன்னொருவனாக இருக்கும் சில நிமிடங்கள் என்பதை, டிக்கி என்னும் பணக்கார இளைஞனைத் தேடி அவன் இத்தாலிக்குக் கப்பல் ஏறும் முன்பே ஆசிரியர் காட்டிவிடுகிறார். பிறகு மோங்கிபெல்லோ என்னும் கடலோர ஊரில், நண்பனாகிவிட்ட டிக்கியின் அறையில், டிக்கியின் உடையை அணிந்துகொண்டு கண்ணாடி முன் நின்று டிக்கியைப் போலவே பேசிப் பார்க்கிறான். கதவருகே டிக்கி வந்து நிற்கிறான். பிறகு சான் ரெமோவில் டிக்கியை டாம் படகுத் துடுப்பால் அடித்துக் கொல்வதைவிட இந்தக் காட்சிதான் என்னை அதிகம் நடுங்க வைத்தது. கொலை நான் செய்யாதது. கண்ணாடி முன் நான் நின்றிருக்கிறேன்.

1996-இல் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தேன். என் அப்பா கல்யாண சமையலுக்குப் போகிறவர். விடுதியில் நான் சொன்னது வேறு: எங்களுக்கு ஊரில் ஓட்டல் இருக்கிறது என்று. அறைத்தோழியின் அப்பா வங்கி மேலாளர். அவள் குளிக்கப் போகும்போது அவளுடைய டைட்டன் கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு கண்ணாடியில் கையைப் பார்ப்பேன். அவள் தண்ணீரை நிறுத்தும் ஓசை கேட்டதும் கழற்றி வைத்துவிடுவேன். அவளுடைய கையொப்பத்தை என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பழகினேன். எதற்காக என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் எனக்கு எந்தத் தீங்கும் செய்தவள் அல்லள். தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடுவாள்.

ஒருநாள் உறவினர் கல்யாணத்துக்கு என்னையும் வரச் சொல்லி அழைத்தாள். மண்டபத்தின் பெயரைக் கேட்டதும் எனக்குக் கை சில்லிட்டது. அன்று அங்கே அப்பாவுக்குத்தான் சமையல். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். அவள் திரும்பி வரும் வரையிலான அந்த ஆறு மணி நேரத்தில், பந்தியில் அப்பா அவளிடம் ஏதேனும் பேசியிருப்பாரோ, எந்தக் கல்லூரி என்று கேட்டு என் பெயரைச் சொல்லியிருப்பாரோ என்று ஒவ்வொரு வாய்ப்பாக எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. எனக்காக இரண்டு லட்டுகளைத் தாளில் பொதிந்து கொண்டு வந்திருந்தாள். "சமையல் அவ்வளவு நன்றாக இருந்தது, நீ வராமல் போனாயே" என்றாள். அப்பா பிடித்த லட்டை அவள் கையிலிருந்து வாங்கித் தின்றேன்.

இதைப் படித்ததும் "பார்த்தீர்களா, அவர் சொன்னது சரிதானே" என்று சிலர் எழுதுவீர்கள். எழுதுங்கள். ஆமாம், எனக்குப் பொறாமை இருந்தது. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் அதற்கு அறிவுரையைத் தவிர வேறு எதையும் யாரும் எனக்குத் தரவில்லை. பொறாமைப்படாதே என்று சொன்னவர்கள் ஆயிரம் பேர். பொறாமை எப்படி நகர்கிறது, எப்படி அன்பு போலவே வேடமிட்டு வருகிறது, எப்படிப் பொய்க்குப் பொய் முட்டுக்கொடுக்கிறது என்று காட்டியவர், டெக்சாஸில் பிறந்து சுவிட்சர்லாந்தில் இறந்த ஒரு பெண்மணிதான். படிப்பு முடிந்து பல ஆண்டுகள் கழித்து, பழைய புத்தகக் கடையில் வாங்கிய அந்த நாவலில், வெனிஸ் பகுதியைப் படித்தபோது என் ஆறு மணி நேரத்தை அப்படியே பார்த்தேன்.

அந்தப் பகுதி இதுதான். இறந்துபோன டிக்கியின் மோதிரங்களை, அவன் இறந்தது தெரியாத அவனுடைய தோழி மார்ஜ், டாமின் பெட்டியில் கண்டுவிடுகிறாள். டாம் ஒரு காலணியைக் கையில் எடுத்துக்கொள்கிறான். அதன் குதிகாலால் அவளைக் கொல்லத் தயாராகிவிட்டான். டிக்கியே தந்தான் என்று ஒரு பொய்யைச் சொல்கிறான். அவள் நம்பிவிடுகிறாள். நம்புவதோடு நில்லாமல், டிக்கி தற்கொலை செய்துகொண்டிருக்க வேண்டும் என்று மீதிக் கதையை அவளே சொல்லி முடிக்கிறாள். ஏமாற்றுகிறவன் பாதியைத்தான் செய்கிறான். மறுபாதியை நம்புகிறவரின் நல்ல மனம் செய்துகொடுக்கிறது. என் தோழியும் அப்படித்தான் என் ஓட்டலுக்குத் தன் கற்பனையில் மாடி கட்டினாள். இதை எந்த நீதிக்கதை எனக்குச் சொல்லியிருக்கும்?

இவை மேலைநாட்டுச் சரக்கு, நம் மரபுக்கு ஒவ்வாதவை என்று அன்று இன்னொருவரும் சொன்னார். பொறாமை, அழுக்காறு, காழ்ப்பு, பொச்சரிப்பு, வயிற்றெரிச்சல் என்று இத்தனை சொற்களைச் சேர்த்து வைத்திருக்கும் மொழியில் நின்றுகொண்டு இப்படிச் சொல்ல எப்படி மனம் வருகிறது? அழுக்காறாமை அதிகாரத்தில் வள்ளுவர், பொறாமை கொண்டவனின் ஆக்கமும் செம்மையானவனின் கேடும் எண்ணிப் பார்க்கப்படும் என்கிறார். பரிமேலழகர் பழவினையைக் கொண்டு அதை விளக்குகிறார். ஹைஸ்மித் அந்த விளக்கத்தைத் தராமல் கேள்வியை மட்டும் வைக்கிறார். 1955 தொடங்கி 1991 வரை ஐந்து நாவல்களில் ரிப்ளியைத் தண்டனைக்கு உள்ளாக்காமலேயே நடமாட விடுகிறார். முதல் நாவலை வைத்து 1960-இல் வந்த பிரெஞ்சுத் திரைப்படம், அவன் அகப்படப் போகிறான் என்று காட்டி முடித்து நம்மை ஆறுதலோடு வீட்டுக்கு அனுப்பியது. நாவல் அந்த ஆறுதலைத் தருவதில்லை, அதனால்தான் அது மனத்தை விட்டுப் போவதில்லை.

கெட்டதைக் கற்றுக்கொடுக்கிறதே என்பவர்களுக்கு என்னிடம் நீண்ட பதில் இல்லை. நான் பொய் சொன்ன காலத்தில் ஒரு நாவலும் படித்திருக்கவில்லை. ஹைஸ்மித் யூதர்களைப் பற்றி இழிவாகப் பேசியவர் என்று ஒரு தம்பி உள்பெட்டியில் எழுதியிருந்தார். அது உண்மை, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பேருந்துப் பயணத்துக்கான புத்தகங்கள் என்ற ஏளனத்துக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். டாஃப்னி டு மோரியரின் 'ரெபெக்கா' என்னும் 1938-ஆம் ஆண்டு நாவலில், பெயர் சொல்லப்படாத இளம் மனைவி ஒருத்தி, தான் கண்ணால் பார்த்தேயிராத, இறந்துபோன முதல் மனைவியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள். செத்தவளைப் பார்த்துக்கூட மனிதருக்கு வயிறு எரியும் என்று அந்த நாவலுக்கு முன் எனக்குத் தெரியாது. இதைத்தான் பொழுதுபோக்கு என்று தள்ளுகிறீர்கள்.

அப்பா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஓட்டல் கதையை அவரிடமும் சொன்னதில்லை, தோழியிடமும் சொன்னதில்லை. இன்று இருவருக்கும் பதிலாக உங்கள் அனைவரிடமும் சொல்லிவிட்டேன். கூட்டத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவள் எங்கேயோ வந்துவிட்டேன் என்பது தெரிகிறது. அழித்துவிட மனம் வரவில்லை.

ஐயா, நீங்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பீர்கள் என்று தெரியும். அரங்கம் சிரித்தபோது நீங்கள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டதையும் கவனித்தேன். என்னிடமிருக்கும் பிரதியை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன். மோதிரங்கள் அகப்படும் பக்கத்தில் தாள் வைத்திருக்கிறேன். அங்கே உங்கள் மூச்சு மார்ஜுக்காக நின்றதா, டாமுக்காக நின்றதா என்பதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.