சாக்கடைக்கு ஒன்றரை, பூந்தோட்டத்துக்குப் பத்தில் ஒன்று

பலனைக் கொண்டு நடத்தையை விளக்குகிற நடத்தையியலின் பெரும்புள்ளி, அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர். ஒரு கற்பனை ஊரைப் பற்றி அவர் எழுதிய 'வால்டன் டூ' நாவல் பற்றிப் பேச்சு எழுந்தால் ஐந்தாவது நிமிஷம் சண்டை "மனுஷனுக்குச் சுதந்திரம் உண்டா இல்லையா" என்பதில் போய் நிற்கும். 1948-இல் வந்த அந்த நாவலுக்குள்ளேயே காஸில் என்கிற தத்துவப் பேராசிரியர் இந்தச் சண்டையைப் பக்கம் பக்கமாகப் போட்டுவிட்டார். எனக்கு அதில் சுவாரசியம் அந்த ஊரின் கணக்கு நோட்டுதான்.

சுமார் ஆயிரம் பேர். கையில் காசு புழங்காது. சாப்பாடு, தங்குமிடம், வைத்தியம் எல்லாம் பொது. பதிலுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 1,200 உழைப்புப் புள்ளி, அதாவது வேலை நாளுக்கு நான்கு. வேலைக்கு வேலை விலை மாறும் என்பதுதான் விசேஷம். சாக்கடை வேலைக்கு மணிக்கு 1.5 புள்ளி, 2 மணி 40 நிமிஷத்தில் அன்றைய பாடு முடிந்தது. பூந்தோட்டத்துக்கு வெறும் 0.1. அதை மட்டும் நம்பினால் ஒரு நாள் கணக்கைத் தீர்க்க 40 மணி நேரம் ஆகும், ஆகவே ஆசைக்குக் கொஞ்ச நேரம் கொத்திவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். ஆள் வராத வேலைக்கு விலையை ஏற்று, முண்டியடிக்கும் வேலைக்கு இறக்கு. ஊரை நடத்தும் ஆறு திட்டமிடுவோருக்கும் விலக்கில்லை. நிர்வாகத்துக்கு 600 புள்ளிதான். மிச்சத்தை மற்ற வேலைகளில் தேட வேண்டும், அதிலும் பாதி உடலுழைப்பு. அழுக்கு வேலை செய்கிறவருக்குத்தான் ஓய்வு அதிகம் என்று இவ்வளவு நேரடியாகக் கணக்குப் போட்ட கற்பனை ஊர்கள் குறைவு.

நிஜத்தில் இது எங்கே இடறியது? 1967-இல் அமெரிக்காவில் வர்ஜீனியாவின் லூயிசா அருகே எட்டுப் பேர் 123 ஏக்கரில் தொடங்கிய ட்வின் ஓக்ஸ் என்கிற கூட்டு வாழ்க்கைச் சமூகம், நாவலைக் கையில் வைத்துக்கொண்டே இதைச் செய்து பார்த்தது. மாறும் விலை கொஞ்ச காலம்தான் ஓடியது. பிறகு எந்த வேலையானாலும் ஒரு மணிக்கு ஒரு புள்ளி. காரணம் ஊகிக்கக் கஷ்டமில்லை. ஆயிரம் பேர் இருந்தால் 'ஊரின் விருப்பம்' என்று ஒரு சராசரி தேறும். எட்டுப் பேரில் தேறுவது ராமனுக்குப் பிடித்தது, கிருஷ்ணனுக்குப் பிடிக்காதது. சரி, ஆளுக்கு ஆள் விலை வைக்கலாம் என்று போனால் இன்னும் மோசம்: "எனக்கு இந்த வேலை பிடிக்கும்" என்று வாயைத் திறந்தவருக்குப் புள்ளி குறையும், முகத்தைச் சுளித்தவருக்குக் கூடும். எதற்குப் பலன் கிடைக்கிறதோ அதுதான் பெருகும். நீங்கள் முகச்சுளிப்பை வளர்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொரு ஓட்டை, ஆண்டுக் கணக்கு. குறித்த காலம் முடிந்தபின் மட்டுமே பலன் என்றால் ஆய்வுக்கூடப் புறா முதலில் சும்மா இருந்துவிட்டுக் கடைசியில் படபடவென்று கொத்தும் என்பதை வரைபடம் போட்டுக் காட்டியவரே ஸ்கின்னர்தான்! ட்வின் ஓக்ஸ் வாரக் கணக்கு வைத்தது புத்திசாலித்தனம்.

குழந்தை வளர்ப்புப் பகுதியைத்தான் பலரும் தப்பாக வாசிக்கிறார்கள். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளிடம் காலையில் குச்சி மிட்டாயைக் கொடுக்கிறார்கள். மேலே சர்க்கரைத் தூள்; நாக்குப் பட்டால் தடம் தெரிந்துவிடும். நக்காமல் வைத்திருந்தால் பிற்பாடு சாப்பிடலாம். முதல் படி, மிட்டாயைப் பார்த்தபடி தனக்குள் என்ன நடக்கிறது என்று கவனிப்பது. அடுத்து அதை மறைத்துவைத்து, இப்போது மனசு லேசானதா என்று கேட்பது. பிறகு விளையாட்டில் கவனத்தைத் திருப்புவது. கடைசியில்தான் சில மணி நேரம் மிட்டாயைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவது. இதில் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குகிற வைராக்கியம் எங்கும் இல்லை. ஆசை மூட்டும் பொருளைக் கண்ணிலிருந்து அகற்று, கைக்கு வேறு வேலை கொடு என்கிற உத்திதான் பாடம். வீட்டில் இதைச் செய்து பார்ப்பவர்கள் நேராகக் கழுத்தில் தொங்கவிடும் படிக்குத் தாவுவார்கள். பிள்ளை பத்து நிமிஷத்தில் நக்கிவிடும். படியைத் தாண்டிய பெரியவர்களின் பிழை அது, பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை.

பிள்ளைகளுக்கு இவ்வளவு நுணுக்கமாகப் படி வகுத்த ஸ்கின்னர், ஊரை நடத்தும் திட்டமிடுவோர் விஷயத்தில் கோட்டை விட்டார். தேர்தல் கிடையாது. பதவி அதிகபட்சம் பத்தாண்டு. இடம் காலியானால் மேலாளர்கள் இரண்டு பெயர் தருவார்கள், அதில் ஒருவரைத் திட்டமிடுவோரே தேர்ந்துகொள்வார்கள். தப்பு செய்தால்? ஊர் கெட்டால் அவர்களும்தானே கெடுவார்கள் என்பது நிறுவனர் ஃப்ரேசியரின் பதில். எப்போதோ வரப்போகிற விளைவு இன்றைய நடத்தையைத் திருத்தாது என்பது நடத்தையியலின் அரிச்சுவடி. அதை ஸ்கின்னருக்கே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

மெக்சிகோவின் சொனோராவில் 1973-இல் தொடங்கிய லோஸ் ஹோர்கோனெஸ், நடத்தையியலை விடாமல் பிடித்துக்கொண்ட சமூகம். அவர்கள் ஆட்சி முறையையே பரிசோதனைப் பொருளாக எடுத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஃப்ரேசியரின் ஊரில் பரிசோதனைக்கு உட்படாமல் தப்பித்தது அது ஒன்றுதான்.