"விளங்கினதோ?" என்று கேட்பதை விடுவோம்

வகுப்பறையில் கேட்கப்படும் கேள்விகளில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது "விளங்கினதோ பிள்ளையள்?" என்பதுதான். அதற்கு உலகத்தில் ஒரேயொரு பதில்தான் உண்டு: "ஓம் ரீச்சர்!" கடைசி வாங்கில் இருந்து, ஒரு வரிகூட விளங்காத பிள்ளைதான் அதை ஆகப் பலமாகச் சொல்லும்.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளோடு இருந்து வாசிக்கிறேன். தரம் 3, 4, 5 படிக்கிறவர்கள். பெற்றோர் சொல்வது அநேகமாக ஒன்றுதான்: "வாசிக்கிறான், ஆனா ஒண்டும் ஏறுதில்லை." ஆனால் வினாத்தாளைப் பார்த்தால் கிரகித்தல் பகுதியில் பாதிக்கு மேல் சரி போட்டிருக்கும். அது எப்படி? இதைக் கொஞ்சம் வாசியுங்கள்.

"நேற்று மாலை ஒரு கிம்மான் சுமளையில் பொருணியது. நெவுப்பு வந்ததால் அது திரும்பி ஓடியது."

கிம்மான் எங்கே பொருணியது? சுமளையில். ஏன் திரும்பி ஓடியது? நெவுப்பு வந்ததால். முழுப் புள்ளி! கிம்மான் ஆடா மாடா என்று எனக்கும் தெரியாது, சொல்லையே இப்போதுதான் உருவாக்கினேன். 'எங்கே' என்று கேட்டால் 'இல்' என்று முடிகிற சொல்லைத் தேடு, 'யாருக்கு' என்றால் 'கு'வில் முடிவதைத் தேடு. மாதிரி வினாத்தாள்களைச் செய்து செய்து பிள்ளைகள் இந்தச் சூட்சுமத்தைத் தாங்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். கெட்டிக்காரர்கள்தான். ஆனால் பந்தி உள்ளே போகவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் டொலோரஸ் டர்கின் என்ற ஆய்வாளர் 1970களின் பிற்பகுதியில் வகுப்பறைகளுக்குள் போய் இருந்து நேரம் குறித்தார். நாலாம் வகுப்பு வாசிப்புப் பாடங்களில் அவர் பார்த்த 4,469 நிமிடங்களில், விளங்கி வாசிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கப் போனது 20 நிமிடங்கள். கேள்வி கேட்டு விடை சரியா பிழையா என்று பார்ப்பதற்கோ தாராளமாக நேரம் இருந்தது. நாமும் கேள்வியைத் தராசாகவே பாவிக்கிறோம். வாசித்து முடிந்த பிறகு பிள்ளையை நிறுத்துப் பார்க்கிறோம், நிறை குறைந்தால் ஏசுகிறோம்.

நான் சொல்ல வருவது, கேள்வியை வாசித்து முடியும் மட்டும் வைத்திருக்கத் தேவையில்லை என்பதுதான். நடுவில் கேட்கலாம், அங்கேதான் அது படிப்பிக்கும். ஒரு சின்னப் பந்தி எழுதிக் கொடுத்தேன்: "அப்பு வானத்தை அண்ணாந்து பார்த்தார். முற்றத்தில் காயப்போட்டிருந்த ஒடியலை அவசர அவசரமாக அள்ளி உள்ளே கொண்டுபோனார்." ஒடியல் என்றால் வெயிலில் காயவைத்த பனங்கிழங்கு. அப்பு எதை அள்ளினார் என்று கேட்டால் எல்லாருக்கும் விடை வரும். ஏன் அள்ளினார் என்று கேட்டேன். மழை என்ற சொல் பந்தியில் எங்கேயும் இல்லை. ஒருவன் சொன்னான், "கள்ளர் எடுத்துக்கொண்டு போயிடுவினம்."

"பிழை" என்று சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். "எந்த இடத்தில் அப்படி இருக்கு? காட்டும் பார்ப்போம்" என்றேன். விரலை வைத்து வரியாய்த் தேடினான். கள்ளரைக் காணவில்லை. முதல் வசனத்துக்குத் திரும்பிப் போனான், 'வானத்தை' என்ற சொல்லில் விரல் நின்றது. "மழை வரப்போகுது சேர்!" அவன் முதல்முறை அந்த வசனத்தை வாசித்தபோது அது வெறும் சத்தமாகவே போயிருக்கிறது. அது அவனுடைய பிழையான விடையால்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு வேறு பிரச்சினை: ஒடியல் என்றால் என்னவென்றே தெரியவில்லை, யாழ்ப்பாணத்தில்! அதை எந்தக் கேள்வியும் தீர்க்காது. ஒடியலைக் கொண்டுவந்து கையில் கொடுக்கத்தான் வேண்டும்.

அப்புறம், கேட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டும். மேரி பட் றோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பார்த்ததில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு செக்கன் அளவில்தான் பொறுத்திருந்தார்கள். அதை 3 செக்கனுக்கு மேல் நீட்டியதும் விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். 3 செக்கன் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஒருக்கால் வகுப்பில் நின்று மௌனமாக எண்ணிப் பாருங்கள், அது ஒரு யுகம். முன்வாங்குப் பிள்ளை கையைத் தூக்கி "சேர், சேர்" என்று துள்ளும்போது அந்த யுகம் இன்னும் நீளும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ல, ள, ழவிலேயே தடக்கி, எழுத்தெழுத்தாய்க் கூட்டி வாசிக்கிற பிள்ளையிடம் "அப்பு ஏன் அப்படிச் செய்தார்?" என்று கேட்பது அநியாயம். வசனத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துபோயிருக்கும். அந்தப் பிள்ளைக்கு எழுத்தைத் தனியாகப் படிப்பிக்கவேண்டும். கதையை நாங்கள் வாசித்துக் காட்டி, கேள்வியை வாயால் கேட்கவேண்டும். எழுத்து வருமட்டும் யோசனையை நிறுத்திவைக்க முடியாதே.

எனக்கு ஆகப் பிடித்தது, கேள்வியைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடுவது. பலின்சார், பிறவுண் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் எழுதிய முறை இது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தும் விளங்காத பிள்ளைகளுக்காகவே செய்தது. அதில் நாலு வேலை: இனி என்ன வரும் என்று ஊகிப்பது, கேள்வி கேட்பது, விளங்காததைத் தெளிவுபடுத்துவது, சுருக்கிச் சொல்வது. முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார், பிறகு பிள்ளைகள் முறை வைத்து 'ரீச்சர்' ஆவார்கள். எங்கள் வாசிகசாலைகளில் ஒருவர் பேப்பரை உரத்து வாசிக்க, மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்டுச் சண்டைபிடித்த காலம் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இது ஒன்றும் புதினமில்லை.

அதே ஒடியல் பந்திக்கு ஒரு சின்னப்பெண் 'ரீச்சர்' ஆனாள். முதல் கேள்வியே "அப்பு ஏன் தனிய அள்ளினவர்? வீட்டில வேற ஒருத்தரும் இல்லையோ?" எழுதிய எனக்கே அது தோன்றவில்லை. "எல்லாரும் கனடாவிலயாக்கும்" என்றான் ஒருவன். "இல்லை, வேலைக்குப் போயிருப்பினம்" என்று இன்னொருத்தி. பந்தியில் ஆதாரம் தேடி அன்று நடந்த சண்டையில் 'முற்றத்தில்', 'அண்ணாந்து' எல்லாம் எத்தனைதரம் வாசிக்கப்பட்டன!

"புலமைப்பரிசில் வருது, இதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கவலைதான், நான் சோதனைக்கு எதிரியும் இல்லை. ஆனால் கிழமைக்கு ஒரு மாதிரி வினாத்தாளைக் குறையுங்கள். அந்த நேரத்தில் பிள்ளையோடு ஒரு பந்தியை இருந்து வாசியுங்கள், மூன்று கேள்வி போதும். அதற்குமேல் கேட்டால் கதை செத்துப்போகும். அதில் ஒன்றையாவது பிள்ளை உங்களிடம் கேட்கட்டும்.