வீடியோவில் கத்துற பொம்பளை நான்தான்

ஆமாங்க, நான்தான். போன்ல சுத்துற அந்த வீடியோவுல, வால்பாறை மலை ரோட்டு ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுல அடுத்தவங்க கார் கண்ணாடியைத் தட்டிக் கத்துறது சாட்சாத் நான்தான். மூணு நாளா ஆளாளுக்கு டேக் பண்ணிக் கேட்டாச்சு, மீம் போட்டவங்க போட்டாச்சு. "பத்து ரூபா சிப்ஸுக்கா இந்தக் கத்து?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். ஆமா சார், பத்து ரூபா சிப்ஸுக்குத்தான்.

வீடியோல இருக்கிறது 40 நொடி. அதுக்கு முன்னாடி நடந்ததை யாரும் எடுக்கல. வரையாட்டுப் பெட்டை ஒண்ணு, பக்கத்துல குட்டி, ரோட்டோரச் சுவர் மேல நிக்குதுங்க. கார்ல இருந்து கை வெளிய வருது, கையில சிப்ஸ். நான் போய், "தம்பி, கொடுக்காதீங்க"ன்னேன். சிரிச்சாங்க. ரெண்டாவது தடவை, "குட்டி ரோட்டுக்கு இறங்கிடும்ப்பா"ன்னேன். "நீங்க என்ன ஃபாரஸ்டா?"ன்னு கேட்டாங்க. மூணாவது தடவை குட்டி இறங்கியே போச்சு, மேல இருந்து பஸ் வந்துக்கிட்டிருக்கு. அப்பத்தான் கத்தினேன். உங்க வீட்டுப் பிள்ளை ரோட்டுல இறங்கினா மெதுவா ஸ்லோகமா சொல்லுவீங்க?

செங்குத்துப் பாறையில நாம கால் வைக்க முடியாத இடத்துல நின்னு புல்லு மேயற ஜீவன் அது. நம்ம மாநில விலங்கு. அதைக் காப்பாத்தணும்னு அரசு 25 கோடிக்கு மேல ஒதுக்கித் தனியா ஒரு திட்டமே போட்டிருக்கு. இங்க அது பாக்கெட் பிரிக்கிற சத்தம் கேட்டா காரைப் பார்த்துத் திரும்புது. அதை ஆடு தானாக் கத்துக்கல, நாம பழக்கி விட்டிருக்கோம். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. கையை நீட்டாதீங்க.

வராதீங்கன்னு நான் சொல்லவே இல்ல. அன்னைக்கு நானே என் நாத்தனார் குடும்பத்தைக் கூட்டிக்கிட்டுத்தான் போனேன். காலையில ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி, 40 வளைவும் ஏறி, புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கம் வண்டியை ஓரமா நிறுத்தினோம். தலைக்கு மேல மரத்துக்கு மரம் பட்டையா என்னமோ கட்டியிருந்ததைப் பார்த்துட்டு நாத்தனார் பொண்ணு, "அத்தை, அது துணி காயப்போடவா?"ன்னு கேட்டுச்சு. பழைய தீயணைப்புக் குழாய்ம்மா, குரங்கு ரோட்டுல இறங்காம மேலயே தாண்டிப் போகட்டும்னு கட்டினதுன்னு சொல்லி வாய் மூடல, ஒரு சிங்கவால் குரங்கு அதுல நடந்தே போச்சு, வயித்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்ட குட்டியோட. (பிடரியைப் பார்த்து வெச்ச பேருன்னு நினைக்காதீங்க. வால் நுனியில இருக்கிற குஞ்சத்துக்காக வெச்சது.) பிள்ளை மூச்சே விடல. அரை மணி நேரம் பார்த்தோம். கை நீட்டாமலே நல்லாத் தெரிஞ்சுது.

உலகத்துலயே மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும் இருக்கிற குரங்கு அது. வெடிப்பலாவும் அத்தியும் தின்னுக்கிட்டு உச்சிமரத்துல வாழறது. ஒரு குட்டி போட்டா அடுத்ததுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகும். வண்டியில ஒரு தாய் அடிபட்டா என்ன கணக்குன்னு நீங்களே போட்டுக்கோங்க.

"குரங்குக்குச் சோறு போடறது புண்ணியம்"னு ஒருத்தர். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல எத்தனையோ பேர் பசியோட உட்கார்ந்திருக்காங்க, அங்க இறக்குங்க கண்ணாடியை. "டூரிஸ்ட் வரலைன்னா உங்க ஊரு சாப்பிடுமா?"ன்னு இன்னொருத்தர். இதுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்ல.

"உங்க வீட்டுல யாரும் கொடுத்ததே இல்லையா?"ன்னு கேட்டவருக்குப் பதில் சொல்றேன். கொடுத்திருக்கோம். தோட்டத் தொழிலாளிங்களுக்குக் கொடுக்கிற லயன் வீட்டு வாசல்ல எங்க ஆச்சி குரங்குக்கு மரவள்ளிக்கிழங்கு வைப்பா, "பிள்ளைக்காரி வந்திருக்கா பாரு"ன்னு. ஆனா அது வேற. ஆச்சி வீடியோ எடுக்கல. சரி, அது வேற இல்லதான், ஒத்துக்கிறேன். அதுக்கான கூலியையும் நாங்களேதான் வாங்கினோம். ரெண்டு வருஷத்துல ஓட்டைப் பிரிச்சு உள்ள இறங்கி, சோத்துப் பானையைத் தூக்கிட்டுப் போச்சுங்க. அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வெச்சுட்டு வந்து பார்த்தா, வீடு பூரா அரிசி. அன்னைக்கு ராத்திரி நாங்க டீயும் வறுக்கியும்தான். நீங்க பாக்கெட்டைப் பிரிச்சுக் கொடுத்துட்டு சாயங்காலம் மலை இறங்கிடுவீங்க. அதுங்க அடுத்த நாள் எங்க கதவைத்தான் தட்டும்.

ஒரு கமெண்ட்டை மட்டும் என்னால தாண்ட முடியல. "காட்டை அழிச்சுத் தேயிலை போட்டவங்களே நீங்கதானே, இப்ப என்ன காட்டுப் பாசம்?" அதுக்கு நூத்துக்கணக்குல லைக் வேற.

நாங்களா போட்டோம்? வெள்ளைக்காரத் துரைமார் காலத்துல, தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி கூட்டிக்கிட்டு வந்து இறக்கிவிட்ட சனங்க நாங்க. குளிர்லயும் அட்டைக்கடியிலயும் மலேரியாவிலயும் செத்தவங்க எத்தனை பேருன்னு எங்க குடும்பத்துலயே கணக்கு இல்ல. வழியில, இங்க தோட்டம் போட்ட கார்வர் மார்ஷ் துரைக்குச் சிலை இருக்கு, நீங்க இறங்கி போட்டோ எடுத்துக்கிறீங்க. மரம் வெட்டி, கல்லு பொறுக்கி, செடி நட்டவங்களுக்கு ஒரு நடுகல்லு இருக்கா? எங்கம்மா 34 வருஷம் கொழுந்து பறிச்சா. ரிட்டயர் ஆன உடனே லயன் வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துட்டு ரெண்டு டிரங்குப் பெட்டியோட பொள்ளாச்சிக்கு வந்துட்டா. அந்த மலையில எங்களுக்குன்னு ஒரு சென்ட் கிடையாது. காட்டை அழிச்சுக் கண்ட சொத்து இவ்வளவுதான்.

யானை எந்தத் தோட்டத்துல நிக்குதுன்னு போன்ல மெசேஜ் வரும். சிவப்பு லைட் எரிஞ்சா அந்தப் பக்கம் போகமாட்டோம். எங்களுக்கு அது ரீல்ஸ் இல்ல. 2025 ஜூன்ல, வடக்கே இருந்து வேலைக்கு வந்த குடும்பத்துச் சின்னப் பிள்ளையைச் சிறுத்தை தூக்கிட்டுப் போச்சே, வீட்டு வாசல்ல இருந்து. அந்த வாரம் எத்தனை பேர் வால்பாறையை டேக் பண்ணினீங்க? நான் கத்தினதுக்கு மட்டும் லட்சம் வியூஸ்.

எங்கேயோ ஆரம்பிச்சு எங்கேயோ வந்துட்டேன், தெரியுது. அந்தப் பசங்க மேல எனக்கு இப்பக் கோபம் இல்ல. இருக்கு, கொஞ்சம் இருக்கு. மன்னிப்புக் கேளுங்கன்னு சொல்றவங்களுக்கு: கண்ணாடியைத் தட்டினதுக்கு வேணா கேட்கிறேன், கத்தினதுக்குக் கேட்க மாட்டேன். நாளைக்கும் அங்க யாராவது கையை நீட்டினா, நாளைக்கும் கத்துவேன்.

நேத்து ராத்திரி அந்த வீடியோவை அம்மாகிட்டக் காட்டினேன். கமெண்ட்டையெல்லாம் வாசிக்கல. ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டு, "அந்தக் குட்டி ஏறிடுச்சாடி?"ன்னு மட்டும் கேட்டா. ஏறிடுச்சும்மா. டிரைவர் அண்ணன் பிரேக் போட்டார்.