பிரம்ம கமலம் 12 வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்குமா?

'இமயமலைப் பூக்களின் பள்ளத்தாக்கில் 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் பிரம்ம கமலம்; பார்த்தவுடன் பகிருங்கள்' என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. படமும் தவறு, கணக்கும் தவறு.

படத்தில் இருப்பது நிஷாகந்தி. மெக்சிகோ பக்கத்துக் கள்ளி வகை. தொட்டியில் வளர்க்கலாம், இரவில் விரிந்து காலைக்குள் வாடிவிடும். பனிமலையில் அது பிழைக்காது.

உண்மையான பிரம்ம கமலம் சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. உத்தராகண்டின் மாநில மலர். ஏறத்தாழ 3,700 மீட்டருக்கு மேல், பாறை இடுக்குகளில் வளர்கிறது. நாம் இதழ் என்று நினைப்பது இதழே இல்லை. காகிதம் போன்ற வெளிர்மஞ்சள் பூவடிச் செதில்கள் அவை. உள்ளே ஊதா நிறத்தில் நெருங்கியிருக்கும் சின்னப் பூக்களைக் குளிரிலிருந்து காப்பது அவற்றின் வேலை. பார்த்தால் தாமரை மாதிரியும் இல்லை, முட்டைக்கோஸ் மாதிரி இருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

இது ஒவ்வொரு வருடமும் ஜூலை முதல் செப்டம்பர் வரை பூக்கிறது. சரி, அந்த 12 எங்கிருந்து வந்தது? மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலக்குறிஞ்சிக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். அதைத் தூக்கி இங்கே ஒட்டிவிட்டார்கள் போல.

உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் இருக்கும் இந்தப் பூக்களின் பள்ளத்தாக்கு 1982இல் தேசியப் பூங்காவானது, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நீலப் பாப்பி, காட்டுக் காசித்தும்பை, நாகம் படமெடுத்தது போன்ற கோப்ரா லில்லி என்று நூற்றுக்கணக்கான செடிகள் அங்கே உண்டு. பூக்களைப் பார்க்க ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் போனால் போதும்.