ஒலிப்பதிவுக்குக் கை அசைத்தால் போதாது
"இசை நடத்துநர் படிப்பில் ஒலிப்பதிவை ஓடவிட்டுக் கண்ணாடி முன் கைவீசித்தான் பழகுவார்கள், நிஜ ஆர்கெஸ்ட்ரா எல்லாம் பட்டம் வாங்கிய பிறகுதான்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. பின்லாந்தில், ஹெல்சின்கியின் சிபேலியஸ் அகாடமி என்ற இசைக் கல்லூரியில் 1973 முதல் 1993 வரை பேராசிரியராக இருந்த யோர்மா பனுலாவின் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் எதிரே வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மாணவர் நடத்துவது வீடியோவில் பதிவாகும், பிறகு அதைப் போட்டுப் பார்த்து அலசுவார்கள். பெயர்பெற்ற நடத்துநர்களான எசா-பெக்கா சலோனென், சகரி ஓரமோ எல்லாம் அங்கே தேறியவர்கள்தான்.

கண்ணாடி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கையைத் தப்பாக இறக்கினாலும் ஒலிப்பதிவு சரியாகவே ஓடும். வயலின் வரிசை அப்படியா? முதல் தாள அடிக்கு முந்தைய தயார் அசைவு மங்கலாக இருந்தால், ஆளுக்கொரு நேரத்தில் வில்லை இழுப்பார்கள்.