ஹெலிகாப்டரில் இருந்து பார்த்தால் எல்லோரும் அமைதியாகத்தான் தெரிவார்கள்

மார்ச் மாதம் பிறந்தால் போதும், அந்த ஃபார்வர்டு மறுபடி வந்துவிடும். 2011 சுனாமியின்போது ஜப்பானியர்களிடம் இருந்து உலகம் கற்றுக்கொள்ள வேண்டிய பத்து விஷயங்கள். கடை வாசலில் பொறுமையாக நிற்கும் வரிசை, கொள்ளை இல்லை, கூச்சல் இல்லை. முதலில் வருவதே அவர்களுடைய அமைதிதான். மாரடித்து அழும் காட்சி ஒன்றைக்கூடக் காணோம் என்று மெச்சுகிறது. இந்த வருடம் எங்கள் குடும்பக் குழுவில் மூன்று பேர் போட்டுவிட்டார்கள், ஒருவர் கைகூப்பும் பொம்மையோடு.

எனக்கு அந்த வரியைப் படித்தாலே எரிச்சல் வரும். 2004 டிசம்பரில் நாகப்பட்டினத்தில் மாரடித்து அழுத பெண்களை எந்த நாட்டு கேமராதான் எடுக்கவில்லை? அழுதவர்கள் ஏதோ ஒரு படி கீழே, அழாதவர்கள் ஒரு படி மேலே என்று யார் மார்க் போடச் சொன்னது? அது ஒரு பக்கம் இருக்கட்டும். நாம் அவ்வளவு மெச்சிக்கொண்ட அந்த அமைதியை ஜப்பானியர்களே அப்புறம் என்ன பாடுபடுத்தினார்கள் என்பது எந்த ஃபார்வர்டிலும் வருவதில்லை.

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. அங்கே பிற்பகல் 2.46, நமக்குக் காலை 11.16. நிலநடுக்கத்தின் அளவு 9.0. பூமியின் மேலோட்டில் பசிபிக் தட்டு என்ற பெரிய பாளம் வடக்கு ஜப்பானுக்கு அடியில் போய்ச் செருகும் இடத்தில், பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இறுக்கம் ஒரேயடியாக விடுபட்டு, கடலடித் தரையைச் சில இடங்களில் 50 மீட்டர் அளவுக்கு நகர்த்திவிட்டது. ஓஷிகா தீபகற்பம் ஐந்து மீட்டருக்கு மேல் கிழக்கே தள்ளிப்போனது, ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்தும் போனது.

இதெல்லாம் பின்னால் படித்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது ஆபீஸ் கேன்டீன் டிவி மட்டும்தான். அது சட்டமன்றத் தேர்தல் நேரம். திரையின் அடியில் தொகுதிப் பங்கீட்டுச் செய்தி ஓடிக்கொண்டிருக்க, மேலே ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்எச்கேயின் ஹெலிகாப்டர் எடுத்த நேரலை. நத்தோரி ஆற்றை ஒட்டிய சமவெளி. கறுப்பாக ஒரு விளிம்பு வயல்களின் மேல் நகர்கிறது. தண்ணீர் என்றே முதலில் தோன்றவில்லை. வெள்ளை பிளாஸ்டிக் பசுமைக்குடில்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன, அது தொட்டதும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. வெள்ளத்தின் மேலேயே ஒரு வீடு எரிந்துகொண்டு மிதந்து வருகிறது. சாலையில் கார்கள். மேலே இருந்து பார்க்கும் நமக்கு அலை எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிகிறது, வண்டி ஓட்டுபவருக்குத் தெரியவில்லை. "டேய், அந்தப் பக்கம் போகாதடா" என்று தட்டை வைத்துவிட்டு ஒருவர் டிவியைப் பார்த்துக் கத்தினார். யாரும் சிரிக்கவில்லை.

எங்களோடு வேலை பார்த்த ஒருவர் நாகை பக்கத்து மீனவ ஊரான அக்கரைப்பேட்டைக்காரர். 2004ஐக் கண்ணால் பார்த்தவர். சாப்பிட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், "சத்தமே இல்லையே சார்" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. "அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தா இப்படி உக்காந்து பாத்துக்கிட்டு இருக்க மாட்டீங்க. இதுல நியூஸ் படிக்கிற பொண்ணு குரல்தான் கேக்குது." அவ்வளவுதான் சொன்னார், கை கழுவப் போய்விட்டார். தொலைவில் இருந்து பார்ப்பவனைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தின் முதல் உலைக் கட்டடம் ஹைட்ரஜன் வெடிப்பில் கூரை பிய்ந்தது. அன்று மதியமே நாக்பூரில் இந்தியா, தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பை ஆட்டம், சச்சினின் 99ஆவது சதம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்த வீடுகள் எத்தனையோ. அணு உலை வெடித்ததோடு, அலையில் மூழ்கிப்போனவர்கள் செய்தியில் இருந்தும் மூழ்கிப்போனார்கள். உலகம் முழுக்கக் கதிர்வீச்சு ஒன்றே பேச்சு. அந்தப் பயம் தேவையில்லாதது என்று சொல்ல மாட்டேன். லட்சத்துக்கு மேல் மக்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது. அதே வருடம் கூடங்குளத்தை எதிர்த்து இடிந்தகரையில் மக்கள் பந்தலில் உட்கார்ந்ததற்கும் ஃபுகுஷிமா ஒரு முக்கியக் காரணம். ஆனால் இறந்தோர் பட்டியலைப் பார்த்தால் வேறு கதை. கிட்டத்தட்ட 15,900 பேர் இறந்தார்கள், இன்னும் 2,500 பேருக்கு மேல் கிடைக்கவே இல்லை. உடல் கிடைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நீரில் மூழ்கி இறந்தவர்கள். பெரும்பாலோர் அறுபது வயதைத் தாண்டியவர்கள்.

இவ்வளவு பேர் ஏன் ஓடவில்லை? அதுதான் என்னை அந்தச் செய்தியோடு கட்டிப்போட்ட கேள்வி. எச்சரிக்கை மூன்றே நிமிடத்தில் வந்துவிட்டது. உலகத்திலேயே சிறந்த ஏற்பாடு. ஆனால் முதல் கணக்கில் நிலநடுக்கத்தின் அளவை 7.9 என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். அதை வைத்து மியாகி கரைக்கு 6 மீட்டர், இவாத்தே, ஃபுகுஷிமா கரைகளுக்கு 3 மீட்டர் அலை என்று அறிவித்தார்கள். வாசலில் 10 மீட்டர் கடல் தடுப்புச் சுவர் நிற்கிறது, வருவதோ 3 மீட்டர் என்றால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? வீட்டுக்குள் சிதறிக் கிடப்பதைப் பொறுக்கி வைத்துக்கொண்டிருப்போம். 3.14க்கு எண்ணை உயர்த்தினார்கள். அதற்குள் பல ஊர்களில் மின்சாரம் போய்விட்டது, திருத்தம் காதில் விழவில்லை. தாரோ என்ற மீனவ ஊரின் புகழ்பெற்ற சுவரை அலை சாதாரணமாகத் தாண்டியது.

இஷினோமாகி நகரத்தைச் சேர்ந்த ஒக்காவா தொடக்கப் பள்ளியைப் பற்றிப் படித்த பிறகுதான் அந்த "அமைதி" என்ற சொல் எனக்குத் தொண்டையில் சிக்க ஆரம்பித்தது. கடலில் இருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே, கித்தாகாமி ஆற்றங்கரையில் இருந்த பள்ளி. நகராட்சியின் அபாய வரைபடத்தில் அந்த இடத்துக்குத் தண்ணீர் வராது. அதனாலேயே ஊர்மக்கள் வந்து ஒதுங்க வேண்டிய இடமும் அதுதான். நிலம் நடுங்கி நின்றதும் ஆசிரியர்கள் பிள்ளைகளை விளையாட்டுத் திடலுக்கு அழைத்து வந்தார்கள். வரிசையில் நிறுத்தினார்கள். பெயர் கூப்பிட்டு எண்ணினார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே மலை. பாடத்தின் பகுதியாகக் காளான் வளர்க்க அந்தப் பிள்ளைகள் ஏறியிருக்கும் மலைதான். "மலைக்குப் போகலாம், சார்" என்று சில பிள்ளைகள் கேட்டதாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். பள்ளிப் பேருந்து தயாராக நின்றது. நகராட்சி வண்டி ஒலிபெருக்கியில் அலை வருகிறது, மேட்டுக்குப் போங்கள் என்று சொல்லிக்கொண்டு கடந்தது. மரம் விழுமோ, சரிவு வழுக்குமோ என்று பெரியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். கிட்டத்தட்ட ஐம்பது நிமிடம். கடைசியில் கிளம்பியதும் மலைக்கு இல்லை, ஆற்றுப் பாலத்தை ஒட்டிய சின்ன மேட்டுக்கு. 3.37க்கு அலை ஆற்று வழியாகவே ஏறி வந்தது. 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் போய்விட்டார்கள்.

யாரும் அலறவில்லை, யாரும் முண்டியடிக்கவில்லை, வரிசை கலையவில்லை. அந்த ஃபார்வர்டு எழுதியவர் அந்தத் திடலைப் படம் பிடித்திருந்தால் அதையும் பாராட்டித்தான் போட்டிருப்பார்.

அதே நாளில் வடக்கே கமாயிஷியில் நடந்தது நேர் எதிர். அங்கும் உனோசுமாய் பகுதியில் அடுத்தடுத்து இருந்த இரண்டு பள்ளிகளும் வரைபடப்படி பாதுகாப்பானவைதான். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்திருந்தது வேறு: வரைபடத்தை நம்பாதே, யாருக்காகவும் காத்திருக்காதே, ஓடு. நடுநிலைப் பள்ளி மாணவர்கள் எண்ணி முடிக்கக் காத்திருக்காமல் ஓட ஆரம்பித்தார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் இறங்கி வந்தார்கள். பெரியவர்கள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒதுங்க வேண்டிய இடம் என்று குறித்திருந்த இடத்துக்குப் போயும், இது போதாது என்று இன்னும் மேலே, அதற்கும் மேலே. சுமார் 570 பேர் அப்படித் தப்பினார்கள். பார்க்கக் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

ஒக்காவா பெற்றோர் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சேற்றில் பிள்ளையைத் தேட அரசாங்கத்து வண்டிகள் வந்து போன பிறகு, ஒரு தாய் பொக்லைன் ஓட்டக் கற்று உரிமமும் வாங்கித் தானே தோண்டினார். நகராட்சி நடத்திய விளக்கக் கூட்டங்களில் பெற்றோர் கத்தினார்கள், அழுதார்கள், மேசையைத் தட்டினார்கள். பிழைத்த பிள்ளைகளிடம் விசாரித்து எழுதிய குறிப்புகளை அதிகாரிகள் அழித்துவிட்டது அப்போதுதான் வெளியே வந்தது. 2014 மார்ச்சில் 23 பிள்ளைகளின் குடும்பங்கள் வழக்குப் போட்டன. பிள்ளையின் சாவில் காசு பார்க்கிறார்கள் என்ற பேச்சையும் கேட்டார்கள், மிரட்டலும் வந்தது. 2016இல் செண்டாய் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார்கள். 2018இல் உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. அன்றைக்குத் திடலில் நின்ற ஆசிரியர்களோடு விஷயம் முடியவில்லை, சரியான திட்டம் வைத்திருக்காத பள்ளியும் அதைச் சரிபார்க்காத கல்வி வாரியமும் நகராட்சியுமே பொறுப்பு என்றது. 140 கோடி யென்னுக்கு மேல் இழப்பீடு. 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

எட்டரை வருடம். இந்தச் சண்டையைத்தான் நான் ஜப்பானிடம் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறேன். கடை வரிசை நமக்கும் வரும், ரேஷன் கடையில் நின்று பழகியவர்கள்தானே நாம்.

ஒழுங்கு என்பதே பொய் என்று சொல்ல வரவில்லை. இடிபாட்டில் கிடைத்த பணப்பையையும் பெட்டியையும் போலீசில் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் ஏராளம், அது உண்மை. ஆளில்லாத ஊர்களில் ஏடிஎம் இயந்திரங்களை உடைத்துப் பணம் அடித்தவர்களும் இருந்தார்கள், அதுவும் உண்மை. மனிதர்கள் எங்கும் மனிதர்கள்தான். நம் ஆட்களைத் திட்டுவதற்கு ஒரு கம்பு வேண்டும் என்பதற்காக இன்னொரு நாட்டு மக்களைச் சிலையாக்கி வைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

என்எச்கேயிடமே வருகிறேன். அன்றைக்கு அவர்களுடைய அறிவிப்பாளர்கள் பதறாமல், நிதானமான குரலில் எச்சரிக்கையைப் படித்தார்கள். நாம் வியந்தோம். அந்த நிறுவனமோ, இந்தக் குரலைக் கேட்டு யார் எழுந்து ஓடுவார்கள் என்று தன்னையே கேட்டுக்கொண்டது. பணிவாகக் கேட்டுக்கொள்ளும் தொனியை விட்டுவிட்டு அதட்டும் தொனிக்கு மாறியது. 2012 டிசம்பரில் அதே கடலில் 7.3 அளவு நிலநடுக்கம் வந்தபோது அந்தப் புதிய குரலைக் கேட்டார்கள். 2024 புத்தாண்டு அன்று ஜப்பானின் நோத்தோ தீபகற்பத்தில் 7.6 வந்தபோது, அறிவிப்பாளர் உடனே ஓடுங்கள் என்று கிட்டத்தட்ட அலறினார். திரையில் சின்னப் பிள்ளைக்கும் புரியும் எளிய எழுத்தில் "ஓடு" என்று பெரிதாகப் போட்டார்கள். எச்சரிக்கையை வெளியிடும் ஜப்பான் வானிலை நிறுவனமும் திருந்தியது. மிகப் பெரிய நிலநடுக்கம் என்றால் முதல் எச்சரிக்கையில் மீட்டர் கணக்கே சொல்லாமல், ராட்சத அலை என்று மட்டும் சொல்லும் முறையை 2013இல் கொண்டுவந்தார்கள். 3 மீட்டர் என்ற ஓர் எண் எத்தனை பேரை வீட்டிலேயே உட்கார வைத்தது என்பதை அவர்கள் மறக்கவில்லை.

இப்போது நம் பக்கம். 2004 டிசம்பர் 26, சுமத்ரா நிலநடுக்கம் நம் நேரப்படி காலை ஆறரை மணிக்கு. நாகைக்கு அலை வந்தது ஒன்பது மணியை ஒட்டி. நடுவில் கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தைக் கடல் அடித்துப் போட்டுவிட்டது, அந்தத் தகவல் சென்னைக்கும் டெல்லிக்கும் வந்து சேர்ந்திருந்தது. வானிலைத் துறை அனுப்பிய ஃபேக்ஸ் பதவியில் இல்லாத முன்னாள் அமைச்சரின் வீட்டுக்குப் போனதாக அப்போதே பத்திரிகைகளில் வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அப்புறம் ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் கட்டினார்கள், 2007 முதல் அது வேலை செய்கிறது, நல்லது. ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்தில் யார் யாருக்குத் தெரியும், யார் யாரிடம் சொல்லவில்லை என்று ஒக்காவா பெற்றோர் கேட்டதுபோல மேசையைத் தட்டிக் கேட்ட குரல் நம் ஊரில் எவ்வளவு தூரம் எடுபட்டது? ஈசிஆர் ஓரம் நிவாரணமாக வந்து மலைபோல் குவிந்த பழைய துணியைப் பற்றிப் பேசிய அளவுக்குக்கூட இதைப் பேசவில்லை.

குடும்பக் குழுவில் இதில் பாதியைத்தான் எழுதினேன். கைகூப்பும் பொம்மை போட்ட சித்தப்பா, "நல்ல விஷயத்துலயும் குத்தம் கண்டுபிடிக்கிறியே" என்று பதில் போட்டிருக்கிறார். அவருக்கு ஒக்காவா தீர்ப்பைப் பற்றிய செய்தியை அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டுத் திட்டட்டும்.