டோரதி டே கேட்ட ஞானஸ்நானமும் நம் பங்கு அலுவலக விண்ணப்பப் பாரமும்

1927-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் தன் மகளுக்கு ஞானஸ்நானம் கேட்டு வந்த ஒரு தாயின் விவரங்களை நம் பங்குக் கோயில் அலுவலக விண்ணப்பப் பாரத்தில் நிரப்பிப் பாருங்கள்.

பெற்றோரின் திருமணம் நடந்த ஆலயம்: திருமணமே நடக்கவில்லை. தந்தையின் மதம்: ஒன்றுமில்லை, மதம் என்றாலே எரிச்சல். தாயின் மதம்: சிறுமியாக எபிஸ்கோப்பல் என்ற புரோட்டஸ்டண்ட் சபையில் ஞானஸ்நானம், பிறகு சோஷலிஸ்ட் பத்திரிகைகளில் வேலை, மறியல், சிறை. இந்தக் குழந்தைக்கு முன்பே ஒரு கருக்கலைப்பு. குழந்தையின் வயது: ஒரு வருடம் நாலு மாதம். கோயில் வரி: ஒரு சென்ட்கூடக் கட்டியதில்லை.

எத்தனை பங்குகளில் இந்தப் பாரத்தை வாங்கி வைப்பார்கள்? "முதலில் கல்யாணத்தைச் சரி பண்ணிட்டு வாங்க" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஆனால் 1927 ஜூலையில், அதே தீவின் டாட்டன்வில் சகாய அன்னை ஆலயத்தில் அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். குழந்தை தமார் தெரேசா. தாய் டோரதி டே.

பின்னாளில் 'கத்தோலிக் வொர்க்கர்' பத்திரிகையைத் தொடங்கி, வீடற்றவர்களுக்கு விடுதி நடத்தி, போர்களை எதிர்த்து, 1973-இல் தனது 75-ஆம் வயதில் கலிஃபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர்களோடு நின்று கைதான அதே டோரதி டேதான். 1980-இல் இறந்தார். 2000-இல் புனிதர் பட்டத்துக்கான பணி தொடங்கியதால் இன்று 'இறை ஊழியர்' என்று அழைக்கிறோம். அவருடைய போராட்டங்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அவருக்கும் அவர் மகளுக்கும் கிடைத்த ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நம் பங்குகள் அவரிடமிருந்து முதலில் கற்க வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து.

அன்று நடந்தது இதுதான். கடற்கரைப் பக்கம் நடந்து வந்த அலோசியா என்ற அருட்சகோதரியிடம் டோரதி, பிள்ளைக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்கிறார். சகோதரி திருமணச் சான்றிதழ் கேட்கவில்லை. நீ கத்தோலிக்கராக இல்லாமல் பிள்ளையை எப்படிக் கத்தோலிக்கராக வளர்ப்பாய் என்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை. வாரத்துக்கு மூன்று முறை வீட்டுக்கே வந்து ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தார். நம் பாட்டிமார் சின்னக் குறிப்பிடம் என்ற ஞானோபதேசப் புத்தகத்தை ஒப்பித்த மாதிரி, 30 வயதை நெருங்கிய ஒரு பத்திரிகையாளர் கேள்வி-பதிலை மனப்பாடம் செய்து ஒப்பித்தார். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை என்று திட்டும் வாங்கினார்.

வாசலைத் திறந்துவிட்டார்கள், உள்ளே வருகிறவருக்கு வேலையும் கொடுத்தார்கள். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வாசலில் வரி பாக்கியையும் கல்யாணப் பிரச்சினையையும் காட்டி மறிக்கிறோம். அதைத் தாண்டி வந்தவரிடம் ஒன்றுமே கேட்பதில்லை. ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு முக்கால் மணி நேரம், போட்டோ, மண்டபத்தில் பிரியாணி. முடிந்தது.

சட்டம் சொல்வது வேறு. இப்போது நடைமுறையில் உள்ள 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், எண் 868: குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க இரண்டு நிபந்தனைகள்தான். ஒன்று, பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும். இருவரும் என்று இல்லை. இரண்டு, பிள்ளை கத்தோலிக்க நம்பிக்கையில் வளரும் என்பதற்கு ஆதாரமுள்ள எதிர்பார்ப்பு வேண்டும். அந்த எதிர்பார்ப்பு கொஞ்சம்கூட இல்லை என்றால், காரணத்தைப் பெற்றோரிடம் சொல்லித் தள்ளிப்போட வேண்டும். மறுப்பது வேறு, தள்ளிப்போடுவது வேறு. பெற்றோருக்குக் கோயில் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்று இந்த எண்ணில் ஒரு சொல்கூட இல்லை. ஒரு பாட்டி, "நான் வளர்க்கிறேன், ஞாயிறு மறைக்கல்விக்கு நான் அனுப்புகிறேன்" என்று உறுதியாகச் சொன்னால், அதுவும் ஆதாரமுள்ள எதிர்பார்ப்புதான்.

வரி பாக்கிக்கு எண் 848-ஐப் படியுங்கள். ஆயர்கள் நிர்ணயித்த காணிக்கைக்கு மேல் அருட்சாதனங்களுக்காக எதுவும் கேட்கக் கூடாது, ஏழ்மையின் காரணமாக ஒருவருக்கு அருட்சாதனம் கிடைக்காமல் போகக் கூடாது என்கிறது. சந்தா நோட்டை ஞானஸ்நானப் பதிவேட்டின் மேல் வைத்துப் பேசும் பங்குப்பேரவை உறுப்பினர்கள் யாராவது இருந்தால், இந்த எண்ணை எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.

சரி, வேலை கொடுப்பது என்றால் என்ன? ஞானஸ்நானத்துக்கு முன் குறைந்தது மூன்று அமர்வுகளாவது வேண்டும். பெற்றோரும் ஞானப்பெற்றோரும் வர வேண்டும். முதல் அமர்வில் சடங்கின் ஒவ்வொரு பகுதியையும் கையில் காட்டிச் சொல்லுங்கள்: வாசலில் பெயர் கேட்பது, நெற்றியில் சிலுவை, ஆயத்த எண்ணெய், சாத்தானை விட்டுவிடுவது, விசுவாச அறிக்கை, தண்ணீர், கிறிஸ்மா எண்ணெய், வெள்ளை ஆடை, பாஸ்கா திரியிலிருந்து ஏற்றும் மெழுகுவர்த்தி, 'திறக்கப்படு' என்று காதையும் வாயையும் தொடும் எப்பத்தா. இரண்டாவது அமர்வு முழுக்க அந்த வாக்குறுதிகளுக்கு. மூன்றாவது ஞானப்பெற்றோருக்கு. எண் 874 கேட்பது: 16 வயது நிறைவு, உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றிருப்பது, விசுவாச வாழ்க்கை. பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ ஞானப்பெற்றோராக முடியாது. ஒருவர் போதும், இருவர் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். நம்மிடம் இது முறை செய்யும் விஷயமாகிவிட்டது. மோதிரம் போடக்கூடிய சொந்தம் யார் என்று பார்த்துத்தான் ஆளைப் பிடிக்கிறோம். டோரதிக்கு ஞானத்தாயாக நின்றவர் யார் தெரியுமா? பாடம் எடுத்த அதே அலோசியா.

தண்ணீர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இங்கே நடக்கும் தவறு சடங்கையே செல்லாததாக்கிவிடும். தண்ணீர் என்றால் உண்மையான தண்ணீர். குழாய், கிணறு, மழை, கடல் எதுவானாலும் சரி. பால், எண்ணெய், இளநீர் கூடாது. தண்ணீர் தலையில் பட்டு ஓட வேண்டும். விரலை நனைத்து நெற்றியில் தடவினால் போதாது. தொப்பியும் சரிகைத் துணியும் போட்டபடி நீட்டும் குழந்தைக்குத் துணி நனையும், தோல் நனையாது, தொப்பியைக் கழற்றுங்கள். ஊற்றுகிறவர்தான் சொல்ல வேண்டும், ஊற்றும்போதே சொல்ல வேண்டும். ஒருவர் ஊற்ற இன்னொருவர் சொல்வது செல்லாது.

சொற்களையும் மாற்றக் கூடாது. "நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்பதை "நாங்கள்" என்று மாற்றினால் செல்லாது என்று 2020-இல் வத்திக்கான் தெளிவாகச் சொன்னது. அமெரிக்காவின் டெட்ராய்ட் மறைமாவட்டத்தில் ஓர் இளம் குருவானவர் தன் சொந்த ஞானஸ்நான வீடியோவில் "நாங்கள்" என்று திருத்தொண்டர் சொல்வதைப் பார்த்துவிட்டார். ஞானஸ்நானம் செல்லாதென்றால் உறுதிபூசுதலும் குருப்பட்டமும் செல்லாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து பெற வேண்டி வந்தது. குடும்பமும் சமூகமும் சேர்ந்து கொடுப்பது போல இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் ஒரு சொல்லை மாற்றப்போய் வந்த வினை அது.

ஆஸ்பத்திரியில் உயிர் ஊசலாடும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருந்தால் போதும், கிறிஸ்தவர் அல்லாத நர்ஸ் கொடுத்தாலும் செல்லும். இன்குபேட்டரில் இருந்தால் நர்சின் அனுமதியோடு சிரிஞ்சில் கொஞ்சம் சுத்தமான தண்ணீர் எடுத்து நெற்றியில் ஓடவிட்டபடியே, "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று முழுமையாகச் சொல்லுங்கள். குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்தால் மறுபடி தண்ணீர் ஊற்றக் கூடாது. பங்குத்தந்தையிடம் சொல்லிப் பதிவு செய்து, கிறிஸ்மா, வெள்ளை ஆடை போன்ற மீதிச் சடங்குகளை மட்டும் கோயிலில் நிறைவேற்ற வேண்டும். "கோயிலில் ஒரு தடவை ஒழுங்காகக் கொடுத்திடலாம்" என்று இரண்டாம் முறை ஊற்றுவதுதான் வழக்கமான பிழை.

டோரதிக்குக் கிடைத்தது நிபந்தனைத் திருமுழுக்கு. "நீ இதுவரை திருமுழுக்குப் பெறாதிருந்தால்" என்ற முன்னொட்டோடு கொடுப்பது. எபிஸ்கோப்பல் சபையில் அவர் முன்பே பெற்றிருந்தார். அந்தக் காலத்தில் சந்தேகத்துக்கு இடம் வைத்து, பிற சபைகளிலிருந்து வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இப்படிச் செய்வார்கள். இன்று எண் 869 அதை அனுமதிப்பதில்லை. தண்ணீரிலோ சொற்களிலோ கொடுத்தவரின், பெற்றவரின் எண்ணத்திலோ நியாயமான சந்தேகம் இருந்தால் மட்டுமே நிபந்தனையோடு கொடுக்கலாம். சி.எஸ்.ஐ. சபையிலிருந்தோ லுத்தரன் சபையிலிருந்தோ வருகிறவருக்கு மறுபடி ஞானஸ்நானம் கிடையாது. சான்றிதழ் வாங்கி வந்து விசுவாச அறிக்கை செய்தால் போதும். "இயேசுவின் நாமத்தில்" என்று மட்டும் சொல்லிக் கொடுக்கும் சபையென்றால் அது வேறு; மூவொரு கடவுளின் பெயர் அங்கே இல்லை.

1927-இன் கடைசி ஆறு மாதங்களை நினைத்துப் பாருங்கள். ஜூலையில் மகளின் ஞானஸ்நான விருந்துக்கு லாப்ஸ்டர் பிடித்துக் கொடுத்த அவளுடைய தந்தை ஃபார்ஸ்டர், சாப்பிட உட்காராமல் வெளியேறிவிட்டார். ஆகஸ்ட் 23-இல் சாக்கோ, வன்செட்டி என்ற இரண்டு இத்தாலியத் தொழிலாளர்கள் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார்கள். அந்தத் துக்கத்தில் ஃபார்ஸ்டர் வாய் பேசாமல் கிடந்தார். டோரதி அவரை நேசித்தார். ஆனால் அவர் கல்யாணத்துக்குச் சம்மதிக்கவே இல்லை. டிசம்பர் கடைசியில் திரும்பி வந்தவரை வீட்டுக்குள் விடவில்லை. மறுநாள், டிசம்பர் 28, டோரதி மூடுபனியில் படகேறிப் போய் அதே டாட்டன்வில் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். நிம்மதியோ மகிழ்ச்சியோ இல்லை, செய்துதான் ஆக வேண்டும் என்பதால் செய்தேன் என்று அவரே எழுதினார். பணக்காரர்கள் பக்கம் நிற்கும் திருச்சபையில் சேர்ந்து தொழிலாளர்களைக் காட்டிக்கொடுக்கிறேனோ என்ற வேதனையும் இருந்தது.

அந்த வேதனைக்கு வழி பிறக்க ஐந்து வருடம் ஆனது. 1932 டிசம்பரில் வாஷிங்டனில் வேலையற்றோரின் பசி ஊர்வலத்தைப் பத்திரிகைக்காக எழுதப் போனார். அவர்களோடு நடக்காமல் ஓரமாக நின்று குறிப்பெடுக்கிறோமே என்ற குற்ற உணர்வோடு டிசம்பர் 8-இல் அமலோற்பவ மாதா ஆலயத்தில் அழுது ஜெபித்தார். வீடு திரும்பினால், அவரோடு சேர்ந்து பத்திரிகை தொடங்கவிருந்த பீட்டர் மாரின் காத்திருக்கிறார். 1933 மே 1-இல் யூனியன் சதுக்கத்தில் 'கத்தோலிக் வொர்க்கர்' முதல் இதழ், 2,500 பிரதிகள், விலை ஒரு சென்ட். பிறகு வீடற்றவர்களுக்கான விடுதி: சூப், ரொட்டி, காபி, படுக்க இடம். வருகிறவனிடம் மதம் கேட்பதில்லை.

இதை அவருடைய அரசியல் என்று ஒரு பக்கமும் பக்தி இன்னொரு பக்கமும் பிரித்து வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஞானஸ்நானத்தில் கேட்கிறோமே: சாத்தானை, அவன் செயல்களை, அவன் ஆடம்பரங்களை விட்டுவிடுகிறாயா? "விட்டுவிடுகிறேன்" என்று மூன்று முறை சொல்லிவிட்டு விருந்துக்குப் போய்விடுகிறோம். டோரதி அந்தப் பதிலைக் கணக்குப் புத்தகம்வரை கொண்டுபோனார். 1960-இல் நியூயார்க் நகராட்சி கையகப்படுத்திய கட்டடத்துக்கு இழப்பீடு வந்தது. அதோடு வட்டியாக 3,579 டாலர் 39 சென்ட். வட்டிக்குப் பணம் விடுவதை நாங்கள் ஏற்பதில்லை என்று கடிதம் எழுதி அந்தத் தொகையை அப்படியே திருப்பி அனுப்பினார். பணம் தேவைப்படாத இடமா அது? அன்றாடம் சூப்புக்குக் கடன் சொல்லும் வீடு.

தலையில் கிறிஸ்மா பூசும்போது குரு, இறைவாக்கினர், அரசர் என்கிறோம். இறைவாக்கினர் என்றால் சொந்த வீட்டிலும் உண்மை பேசுகிறவர். 1949-இல் நியூயார்க் மறைமாவட்டக் கல்லறையில் குழி வெட்டுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கர்தினால் ஸ்பெல்மன் குருமாணவர்களை வைத்துக் குழி வெட்டினார். டோரதி தொழிலாளர்களோடு நின்றார். திருச்சபையை விட்டுப் போகவும் இல்லை. கல்லறை என்றதும் நம் ஊர்க் கல்லறைகள் மனதை அறுக்கின்றன. ஒரே தொட்டித் தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றவர்களைப் புதைக்கும்போது சாதி பார்த்து இடம் பிரிக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. அந்தப் பங்குகளில் ஞானஸ்நான ஆயத்தத்தின் இரண்டாவது அமர்வு இதைப் பற்றித்தான் இருக்க வேண்டும். "அவன் செயல்களை விட்டுவிடுகிறாயா" என்பதற்கு அங்கே வேறு எந்தப் பொருளும் முதலில் வராது.

கடைசியாக, தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு விவரம். பதிவேட்டில் பெயர் எழுதுவதற்கு எண் 877 வழி சொல்கிறது. நீங்கள் விரும்பிக் கேட்டால் உங்கள் பெயர் தாயாகப் பதியப்படும். எழுத்தாகவோ இரண்டு சாட்சிகள் முன்னிலையிலோ கேட்கலாம். தந்தை யார் என்பதற்குப் பொது ஆவணம் இருந்தாலோ, அவரே பங்குத்தந்தை முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் ஒப்புக்கொண்டாலோ அவர் பெயரும் பதியப்படும். இல்லையென்றால் தந்தையின் பெயர் இல்லாமல் பதியப்படும்; ஞானஸ்நானத்தில் எந்தக் குறையும் இல்லை. பிள்ளையின் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துப்படியே எழுதச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுமுன் பதிவேட்டை வாங்கி ஒருமுறை படியுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் மாதா சபை அக்காமார் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். சாட்சிகளும் அவர்களே ஆகலாம்.